சோறில்லாத சட்டி

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு சமையல் குறிப்பு.

கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் மாதர் பக்கத்தைப் பார்க்கிற அம்மையார் தபாலட்டை போட்டிருந்தார். என் கதைகள் இரண்டை அந்தப் பத்திரிகை வெளியிட்டிருக்கிறது. ஆகவே எனக்குச் சமைக்கவும் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். வேலைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு, இரவில், சோறு சேராமல், ஒரே சட்டியில் சுருக்காக ஆகிற சாப்பாடு ஒன்று வேண்டுமாம். சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர், பெருகிவிட்டார்களாம். “இறைச்சி எல்லா வீட்டுக்கும் சரிவராது, முட்டையோடு நிறுத்துங்கள். கடைசியில் எத்தனை பேருக்குப் போதும் என்று போட மறக்க வேண்டாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். எழுபத்து நாலில் அரிசியும் மாவும் இல்லாமல் போனபோது எங்கள் லயம் முழுக்க இரவில் சோறில்லாத சாப்பாடுதான். பூசணிக் கொழுந்தையும் வற்றாளைக் கிழங்கின் இலையையும் அவித்து, உப்புப் போட்டுத் தின்றோம். ஒரே சட்டி. சுருக்காகவும் ஆகிவிடும். அன்றைக்கு அதற்குக் குறிப்பு கேட்டு எவரும் அட்டை போடவில்லை.

இந்தக் கோபத்தோடு உட்கார்ந்தால் குறிப்பு வராது. கதைதான் வரும்.

2

முதல் தொடக்கம்: “பதுளைக் கடைத்தெருவின்மேல் மாலைப் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது —”

விட்டுவிட்டேன். பனியில் நின்று கொழுந்து பறித்தவளுக்குப் பனி மெல்ல இறங்காது. விரல் விறைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: “ஸஹாப்தீன் முதலாளி மிகவும் நல்ல மனிதர்.”

இதையும் அடித்துவிட்டேன். நல்லவர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் கதையில் அவருக்கு வேலை இல்லை.

மூன்றாவது நிற்கிறது:

ஸஹாப்தீன் வீட்டில் இரவுச் சாப்பாட்டை எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள்.

(சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறி வைத்து, பாயில் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கையால் சாப்பிடுவது முஸ்லிம் வீடுகளின் வழக்கம். மற்ற வீடுகளில் அது கலியாணத்துக்கும் பெருநாளுக்கும். இந்த வீட்டில் தினம்.)

ஸஹாப்தீனுக்குப் பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை. மனைவி ஸுபைரா பள்ளிக்கூட உடுப்புத் தைப்பவர்; மாலை மஃரிப் தொழுகை நேரம் வரை தையல் மெஷினை விட்டு எழும்பமாட்டார். மகன் ஜாபிர் கடையில் துணிப்பொதி தூக்குகிறான். மகள் பலீலா பத்தாம் வகுப்பு. ஸுபைராவின் தம்பி றவூப்பும் அதே கடையில்தான். அந்தக் கடையில் வியாபாரம் பாதி, றவூப்பின் வாய் பாதி.

நான் அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவள். ஸுபைரா தைக்கிற சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுவது என் வேலை. என் அறைக்கும் அவர்கள் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் பலகைச் சுவர். என் அம்மாவும் தம்பிகளும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். எனக்கு மட்டும் இந்த நாட்டுப் பிரசாவுரிமை கிடைத்தது. கிடைத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

தினமும் சாப்பிடப் போகுமுன் ஸுபைரா பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்:

“ராக்கு, சாப்பிட்டியா?”

“ஆச்சுக்கா.”

அப்போது நான் அடுப்புப் பற்றவைத்திருக்கமாட்டேன்.

3

ஸஹாப்தீனின் கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறவேயில்லை. டாக்டர் சீனி வருத்தம் என்றார். இரவில் சோறு தொடக்கூடாது. தொட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார்.

ஸுபைரா அன்றே சஹனில் அவர் பக்கத்துச் சோற்றை வழித்துவிட்டு அவித்த கோவாவை, முட்டைக்கோசை, வைத்தார். ஆனால் சஹனுக்கு ஒரு குணம் உண்டு. நல்ல துண்டு தன் பக்கம் வந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். யாரும் சொல்லித்தருவதில்லை. கை தானாகச் செய்யும்.

“வாப்பா, இந்தாங்க, ஈரல்.”

“போதும் மகள்.”

“மச்சான், ஒங்கட பக்கம் பாலைவனமா ஈக்கி. இந்தாங்க, ஒரு ஒட்டகம்.” இது றவூப். எலும்போடு ஒரு பெரிய துண்டு.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் இந்தப் பக்கம் சிரித்திருக்கிறேன். ஒட்டகத்தோடு ஒரு பிடி சோறும் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. ஈரல் போனபோதும் அப்படித்தான்.

அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது சீனி ஏறியிருந்தது.

“கடையில களவா என்னத்த திங்கிறீங்க?” என்று கேட்டார் ஸுபைரா.

“அல்லா மேல சத்தியமா ஒண்டுமில்ல.”

“அப்ப சீனி வானத்தால எறங்கினதா?”

அன்றிரவு ஸுபைரா சாப்பிடாமல் உட்கார்ந்து எல்லோர் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சத்தம் போட்டார்.

“கைய எடுங்க! எல்லாரும்!”

மகள் கொடுத்தது, மைத்துனர் கொடுத்தது, மகன் கொடுத்தது. அன்பு முழுக்கச் சோறு ஒட்டிக்கொண்டு போயிருந்தது. மறுநாளிலிருந்து ஸஹாப்தீனுக்குத் தனிக்கோப்பை, அதாவது தனித்தட்டு; தனிமேசை.

4

(நாலாம் பகுதியில் ஸஹாப்தீனின் இளமைக்காலத்தை எழுதியிருந்தேன். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. அந்தத் தாள்கள் அடுப்புப் பற்றவைக்க உதவின.)

5

மேசையைப் பலகைச் சுவரோரம் போட்டார்கள். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு பலகை. முதுகைச் சாய்த்தால் பலகை முனகும். அவர் சாய்வது எனக்குத் தெரியும். நான் சாய்வது அவருக்குத் தெரியுமா என்று தெரியாது.

இங்கே ஸஹாப்தீனை அழ வைத்துப் பார்த்தேன். “அவர் கண்களிலிருந்து —” வேண்டாம். அவர் அழுகிற ஆளில்லை. கோபப்பட வைத்தேன். கோப்பையை எறிந்தார். அதுவும் பொய். நான் பொத்தான் துளை போடக் கொண்டுபோகும் சட்டையைத் தொட்டுப் பார்த்து, “நூலு நல்லம்” என்று மட்டும் சொல்கிற மனிதர் அவர். இப்படிப்பட்டவரை வைத்துக் கதை எழுதுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

பிறகு ஸுபைரா ஒரு நாள் நூல் கோத்துக்கொண்டே சொன்னதுதான் இந்த ஆளை எனக்குத் தந்தது.

“மத்தவங்க முடிக்காட்டி சஹன்ல இருந்து எழும்பப்படாது, ராக்கு. கடைசில திங்கிறவன் தனிச்சிப்போவான். அதுக்கு எல்லாரும் கைய வெச்சிட்டு இருக்கிற. இவரு அங்க மேசைல இருக்கிறாரே, அஞ்சு நிமிசத்துல கோப்பை காலி. ஆனா கை கழுவ எழும்புறல்ல. இங்க பாய்ல பலீலா முடிக்கும்வரைக்கும் கை காஞ்சு அப்பிடியே இருக்கிறார்.”

அன்றைக்கு இரவு நானும் என் கை காயும்வரை இருந்து பார்த்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் கழுவினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

6

இனி குறிப்பு. அட்டை போட்ட அம்மையார் இங்கிருந்து வாசித்தால் போதும்.

ஸுபைரா கண்டுபிடித்த வழி இது: வீட்டில் இரவுக்கு ஒருவருக்கும் சோறு இல்லை. சஹனில் சோறே இல்லாவிட்டால் யார் எதைத் தள்ளினாலும் கேடு வராது. எல்லோரும் உட்காரலாம்.

கோவாவை நூல்போல அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். பிழியாவிட்டால் அடியில் குளம் கட்டும். வெங்காயத்தாள்போன்ற லீக்ஸையும் பச்சை மிளகாயையும் வதக்கிக்கொள்ள வேண்டும். கனமான சட்டியில் எண்ணெய் தடவி, கோவா ஒரு அடுக்கு, லீக்ஸ் ஒரு அடுக்கு, மிளகு போட்டுப் பிரட்டிய கொத்திறைச்சி ஒரு அடுக்கு. (உங்களுக்கு இறைச்சி வேண்டாம். அந்த இடத்தில் அவித்த முட்டையை வட்டமாக வெட்டி அடுக்குங்கள்.) முட்டைகளை அடித்து, தேங்காயின் முதல் பாலில் கரைத்து மேலே ஊற்றி, கறிவேப்பிலை தூவ வேண்டும். மூடி போட்டு, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பி, அடியில் தணலைக் குறைத்துவிட வேண்டும். மேல் சூடு கூட, கீழ் சூடு குறைய. இதுதான் பிடி. பிறகு அடுப்பைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துவிட்டு வந்தால் மேலே சிவந்து, கத்தியால் துண்டு போடுகிற பதத்தில் இருக்கும்.

முதல் நாள் ஐந்து பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

“ராத்தா, இது சோத்துக்குக் கறியா, கறிக்குக் கறியா?”

“வாய மூடிட்டுத் தின்னு, றவூப்.”

“மூடினா எப்படித் திங்கிற?”

பலீலா சிவந்த ஓரத்துண்டை வாப்பா பக்கம் தள்ளியிருக்க வேண்டும். “இந்தாங்க வாப்பா” என்று கேட்டது. கையை எடு என்ற சத்தம் வரவில்லை. ஸஹாப்தீன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொல்லி எல்லோரும் சிரித்து நான் கேட்டது அது ஒன்றுதான். என்ன சொன்னார் என்பது பலகைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

மாதர் பக்கத்துக்கு இதற்குமேல் தேவையில்லை. நல்ல மனம் உள்ள எழுத்தாளர் இங்கே பேனாவை வைத்துவிடுவார்.

7

நான் வைக்கவில்லை.

“உம்மா, பகலெல்லாம் பொதி தூக்கிற நான். வயித்துல சோறு விழாட்டி தூக்கம் வாறல்ல” என்றான் ஜாபிர். அவனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாகிவிடும். முடியவில்லை. கூடை சுமந்த முதுகுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது கோவா இல்லை. கடை பூட்டியதும் அவன் பஸ் நிலையத்தடிச் சாப்பாட்டுக்கடைக்குப் போகத் தொடங்கினான். துணைக்கு றவூப் போனார். பலீலாவுக்குச் சோதனை நெருங்கியது; மாமி வீட்டில் படித்து, அங்கேயே சாப்பிட்டு வந்தாள். அங்கே சோறு உண்டு.

ஒருவரும் சண்டை போட்டுப் போகவில்லை. போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானமாகித் திரும்பி வருவார்கள்.

சட்டியும் வைத்து, பக்கத்தில் சோறும் வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் ஸுபைராவிடம் கேட்டேன்.

“அது ரெண்டு சஹன், ராக்கு. அப்ப பழையபடி மேசைதானே.”

கடைசியில் பாயில் இருந்தது ஸஹாப்தீனும் ஸுபைராவும். அத்தனை பெரிய தட்டில் இரண்டு கைகள். விரல் புண் மட்டும் காயத் தொடங்கியிருந்தது.

8

பத்திரிகைக்குக் குறிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று ஸுபைராவிடம் சொல்லியிருந்தேன். அதனால் அன்றைக்கு இறைச்சி இல்லாமல், முட்டை அடுக்கி, சட்டி வைத்தார். சரி வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு ஸுபைராவின் குரல்:

“தின்னு முடிஞ்சிதானே. எழும்புங்களேன். யாருக்குப் பாத்துட்டு ஈக்கிறீங்க?”

ஸுபைரா சஹனைத் தன் பக்கம் இழுக்கிற சத்தம்.

“கை காயுது.”

“நாளைக்கி சோறு ஆக்கு,” என்றார் ஸஹாப்தீன். “புள்ளைகள் வரட்டும். நானும் பாய்ல இருக்கிற.”

“ஒங்கட விரலு?”

“விரல் பத்து ஈக்கி, ஸுபைரா. புள்ள ரெண்டுதான்.”

இந்த ஒரு வசனத்தை நான் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் முதல் பகுதியிலேயே போட்டிருப்பேன்.

ஸுபைரா எழுந்து குசினிக்குப் போனார். அரிசித் தகரத்தின் மூடி திறந்தது. அந்த மூடி இறுக்கமானது, திறந்தால் எனக்குக் கேட்கும். நாளைக்குப் போதுமான அரிசி இருக்கிறதா என்று பார்க்கிறார்.

முடிவு அ: இருக்கிறது. மறுநாள் பாய் நிறைகிறது. றவூப் ஒட்டகம் அனுப்புகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். மாரி முடியுமுன் ஸஹாப்தீனுக்கு ஒன்பது விரல்.

முடிவு ஆ: ஸுபைரா தகரத்தை மூடுகிறார். விரல் பிழைக்கிறது. சஹனைக் கழுவி, துடைத்து, அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைக்கிறார்கள்.

முடிவு இ: அந்த நேரம் பார்த்து ஜாபிர் வாசலில் நிற்கிறான். வாப்பா சொன்னதைக் கேட்டுவிட்டான். கண் கலங்கி, பேசாமல் வந்து பாயில் —

இல்லை. ஜாபிர் அப்போது சாப்பாட்டுக்கடையில் இரண்டாவது தடவை சோறு போடச் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். பசித்தவனை வாசலில் நிறுத்தி அழ வைக்க எனக்கு உரிமை இல்லை.

9

தகரத்தின் மூடி திறந்த சத்தம் கேட்டது. அளக்கிற சத்தமும் கேட்கவில்லை, மூடுகிற சத்தமும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பலகையை இரண்டு தடவை தட்டுகிற சத்தம்.

“ராக்கு, சாப்பிட்டியா?”

இது எப்போதும் கேட்கிற நேரமில்லை. நான் அடுப்புப் பற்றவைத்திருக்கவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆச்சுக்கா.

“இண்டைக்கி இறைச்சி போடல்ல. முட்டை மட்டுந்தான். பாதிச் சட்டி அப்படியே ஈக்கி.” பிறகு, “வந்து எங்களோட ஒக்காந்து, உப்பு சரியாண்டு சொல்லேன்.”

முதலாளி இன்னும் கை கழுவவில்லை. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

அட்டை போட்ட அம்மையாருக்கு: குறிப்பு ஆறாம் பகுதியில் இருக்கிறது. நீங்கள் கேட்டபடி அரிசி சேராதது, சுலபமானது, வேலை முடிந்து வந்து செய்யக்கூடியது. கடைசி வரியை மட்டும் எழுதிப் பார்த்து, எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். ஐந்து என்று போட்டேன், இரண்டு என்று போட்டேன். அச்சுக்குப் போகுமுன் நீங்களோ வாசிப்பவர்களோ நிரப்பிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது பலகைக்கு இந்தப் பக்கமும் ஆள் இருக்கிறது.

இந்தச் சட்டி ______ பேருக்குப் போதும்.