காசிலிங்கம் அண்ணாச்சி போட்ட மார்க்

மில்லர்புரத்தில் ஜெயகணேஷின் பேக்கரிக்குள் கரண்ட் அடுப்பு வந்ததே அவன் மனைவி முத்துச்செல்வியின் பிடிவாதத்தால்தான். விறகடுப்புப் புகையில் அவன் இருமத் தொடங்கினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். அவனோ, விறகில் வேகாத மக்ரூனைத் தூத்துக்குடியில் யாரும் தொடமாட்டார்கள் என்றான். வாரக் கடைசிவரை வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

முத்துச்செல்வி கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விறகடுப்பு மக்ரூன், மீதிப் பேருக்குக் கரண்ட் அடுப்பு மக்ரூன், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கச் சொன்னாள். கரண்ட் அடுப்பு தோற்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

சாயங்காலம் மடிக்கணினியில் டி டெஸ்ட் போட்டாள். இரண்டு சராசரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மார்க் ஆளுக்கு ஆள் ஏறி இறங்குவதால் வந்ததா, அதைவிடப் பெரியதா என்று பார்க்கும் கணக்கு அது. கரண்ட் அடுப்புக்கு ஒன்பது, விறகுக்கு ஆறரை. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத இடைவெளி.

ஜெயகணேஷின் முகம் வாடிவிட்டது. அவளுக்கோ நம்ப முடியவில்லை. யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். விறகு மக்ரூன் தினமும் வருகிறவர்களுக்கு. மற்றது, திருச்செந்தூர் போய்விட்டு வேனில் திரும்பியவர்களுக்கு.

"தெரிஞ்ச ஆளுக்குப் போய் அதை எப்படிளா குடுக்க? வேன்காரங்கன்னா திட்டிட்டு ஊருக்குப் போயிருவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். கோயில் வரிசையில் நின்று பசித்து வந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் ஒன்பது போடுவார்கள். தினமும் வாங்கும் காசிலிங்கம் அண்ணாச்சியோ ஜெயகணேஷிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "ஆறு போட்டுக்கோ. ஏழுன்னு சொன்னா நீ நாளைக்கே வெலையை ஏத்திருவ."

"இது செல்லாதுங்க. நாம அடுப்பை ஒப்பிடல, ஆளுங்களை ஒப்பிட்டிருக்கோம்."

"நீதானளா ஜெயிச்சிருக்க? பேசாம இருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனே."

"தப்புக் கணக்கைக் காட்டி உங்களை ஒத்துக்க வைக்கவா?"

மறுநாள் ஒவ்வொருவருக்கும் காசு சுண்டிப் போட்டு, விழுந்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள். வேன்காரரென்றும் தெரிந்தவரென்றும் பார்க்கவில்லை. காசிலிங்கம் அண்ணாச்சிக்குக் கரண்ட் அடுப்பு மக்ரூன் விழுந்தது. ஜெயகணேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் மென்றுகொண்டே பழையபடி ஆறு என்றார்.

இந்த முறை சராசரிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுன்னும் சொல்ல முடியாது. வித்தியாசம் இருக்குன்னு காட்ட முடியல, அவ்வளவுதான். உங்க அடுப்பு, நீங்களே முடிவு பண்ணுங்க."

பதில் சொல்ல வாயெடுத்தவன் இருமினான். அவள் புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். குடித்துவிட்டு அவன் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, அடுப்பை எடுக்க வரவேண்டாம் என்றான். பிறகு அவள் பக்கம் குனிந்தான்.

"காசிலிங்கம் அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லிராதளா. அஞ்சாக் கொறச்சிருவாரு."