குட்டி அலமாரிக்குள் வைஃபை

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. வீட்டில் வைஃபை மக்கர் செய்ததால் சேவை மையத்துக்குப் போன் போட்டேன். பேசிய பெண் எடுத்ததுமே, ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மேசைமேல்தான் என்றேன். "நல்லவேளை சார், ஒருத்தர் அதுக்குன்னே அலமாரி செஞ்சு உள்ள வச்சு மூடியிருந்தாரு" என்றாள். என் வைஃபை சரியாகிவிட்டது. அந்த ஒருத்தர்தான் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று வானம் இருண்டு

வேண்டாம். வைஃபைக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் முயற்சி: கணக்கு டீச்சர் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீடு முழுக்கச் சிக்னல் தேடி நடந்தார்.

இது பரவாயில்லை, இருக்கட்டும்.

டீச்சர் என்றாலும் எட்டு வருஷமாக வீட்டில்தான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், இணையத்தில் வகுப்பெடுக்கும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தார். மாதிரி வகுப்பு இருபது நிமிடம். போன வாரம் அதில் மூன்று முறை தொடர்பு அறுந்தது. தலைமையாசிரியை பொறுமைசாலி, வியாழன் பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்றுவிட்டார்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டார். கடவுச்சொல்லை அழித்துத் திரும்பக் கொடுத்தார். சுவரில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, நூறு வரை எண்ணி, மறுபடி செருகினார். லேப்டாப் கடைக்காரர் ஏதோ மென்பொருளை மாற்றித் தந்தார். எதற்கும் சிக்னல் அசையவில்லை.

(கேபிளை நேரடியாகச் செருகக் கூடாதா என்பீர்கள். அந்த மெலிந்த லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே இல்லை. போன் நெட்? அந்தத் தெருவில் ஒரே ஒரு கோடுதான் வரும். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.)

3

கணவரை முதல் பிரதியில் வங்கி ஊழியராக்கியிருந்தேன். சரிப்படவில்லை. கடையில் வாங்கிய அலமாரி என்றால், டீச்சர் ஒரே வார்த்தையில் தூக்கிப் போடச் சொல்லியிருப்பார். கதை அதோடு காலி. ஆகவே அவரைத் தச்சராக்கினேன்.

ரவுட்டரின் விளக்குகள் மினுக்மினுக்கென்று கண்ணை உறுத்துகின்றன என்று டீச்சர் எப்போதோ சொல்லியிருந்தார். மனுஷன் அதை மனதில் வைத்துக்கொண்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தேக்கில் இரட்டைக் கதவு போட்ட குட்டி அலமாரி ஒன்றைச் செய்தார். சூட்டில் மரம் வெடித்துவிடக் கூடாதென்று உள்பக்கம் முழுக்க, கதவுகளுக்கும் சேர்த்து, அலுமினியத் தகடு அடித்தார். ரவுட்டர் அலமாரிக்குள் போன அதே வாரம்தான் லேப்டாப்பும் புதிதாக வந்தது. பழி லேப்டாப் மேல் விழுந்தது.

4

புதன் காலை, தூசி தட்டுவதற்காக டீச்சர் அலமாரியைத் திறந்தார். லேப்டாப்பில் சிக்னல் ஜம்மென்று ஏறியது. மூடினார், விழுந்தது. கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஐந்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான், உள்ளே அடித்த தகடுதான் சிக்னலைத் தடுக்கிறது என்று நம்பினார். நம்பியதும் அழுகை வந்தது. இவ்வளவு ஆசையாகச் செய்து கொடுத்த மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்து வைத்தால் போயிற்று என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் தச்சருக்காவது உண்டு. திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் கை சும்மா இருக்காது. கீல் தொங்கிவிடும் என்று மூடிவிட்டுத்தான் நகர்வார்.

அன்று மாலை டீச்சர் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். கதவைத் திறந்தே வைத்தால் உள்ளே கொஞ்சம் காற்றுப் போகுமே என்றார்.

"காத்துக்குத்தான் பின்னாடி ஓட்டை போட்டிருக்கேனே" என்றார் தச்சர். அதோடு விட்டாரா? நாளைக்கு லீவு போட்டிருப்பதாகவும், வகுப்பு முடியும்வரை கூடத்திலேயே காவல் இருக்கப்போவதாகவும் சொன்னார்.

5

முடிவு அ: டீச்சர் அவரைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார். வகுப்பு பிரமாதம். (வேலை கிடைத்தபின் தினமும் எந்தக் கடைக்கு அனுப்புவது? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சேவை மையத்துப் பெண்ணே போனில் தச்சரிடம் சொல்லிவிடுகிறாள். (நிஜத்தில் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லி அந்த மனுஷன் கேட்டுக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை.)

முடிவு இ: வியாழன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டீச்சர் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு அறைக்குள் போனார். பின்னங்களை நடத்த ஆரம்பித்தார். ஏழாவது நிமிடம், கூடத்தில் கதவு மூடும் சத்தம். திரையில் பிள்ளைகளின் முகங்கள் அப்படியே நின்றன.

"ஏங்க, கதவத் திறங்க. உங்க அலமாரிதான் சிக்னலத் தடுக்குது."

சொல்லிவிட்டார். பிறகு முகங்கள் அசைந்தன. தலைமையாசிரியை தொடரச் சொன்னார், டீச்சர் தொடர்ந்தார். மீதிப் பதின்மூன்று நிமிடமும் அவர் குரல் நடுங்கவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னதும் எழுந்து கூடத்துக்கு ஓடினார்.

தச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கதவுகளையும் சத்தமில்லாமல் கழற்றி மடியில் வைத்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றார் டீச்சர். தச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

6

இங்கேதான் மூன்று நாளாக நிற்கிறேன். "நேத்தே தெரியும்" என்று டீச்சர் சொன்னால், தன் மனம் நோகக் கூடாதென்று கடைசி வாய்ப்பையே இவள் பணயம் வைத்திருக்கிறாள் என்று தச்சருக்குப் புரிந்துவிடும், மனுஷன் உடைந்துபோவார். "இப்பத்தாங்க தோணுச்சு" என்றால் அவர் நிம்மதியாகத் தூங்குவார், டீச்சர் தூங்க மாட்டார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இருவர் மேலும் பாசம் கூடியதே தவிர, எது சரி என்று தெரியவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கதவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வந்து..."

மிச்சத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள். பிரியமானவரிடம் இப்படி ஒன்றை ஒரு நாளாவது மறைத்திருப்பீர்கள், உங்களுக்கு வரும். எதைச் சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.