பன்னிரண்டாவது சுற்று

டெம்போவில் தோல் வாசனை இருந்தது. மன்சூர் அலியின் பட்டறைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி அது. பின்னால் நான்கு சைக்கிள்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தாராவியிலிருந்து விடியுமுன் கிளம்பி, கசாரா மலையடியில் ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தார்கள். ரம்ஜானின் நான்காம் நாள். அதிகாலைத் தொழுகைப் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இதுதான் சஹர், நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் உணவு என்று ராஜகுமார் எடுத்துக்கொண்டான்.

நான்கு பேரும் எட்டு வருடமாகச் சேர்ந்து ஓட்டுகிறார்கள். மன்சூருக்குப் பட்டறை. சைஃபுக்குத் தையல் யூனிட். அப்ரார் தாதரில் மொபைல் ரிப்பேர் செய்கிறான். ராஜகுமார் அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போகும் டெக்னீஷியன். செம்பூரில் தனி அறை. ஞாயிறு காலைகள் அவர்களுக்கானவை. ரம்ஜானில் அது நின்றுவிடும். அந்த முப்பது நாள் அவன் தனியாக ஓட்டுவான், அல்லது ஓட்டமாட்டான். நோன்பு திறக்க வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். போனால் நல்ல இடத்தில் உட்காரவைத்து முதல் தட்டை அவனிடம் கொடுப்பார்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

இந்த வருடம் அவர்கள் கலந்துகொள்ளும் மலைச் சைக்கிள் பந்தயம் ரம்ஜானுக்குள் வந்தது. அந்த ஒரு நாள் தானும் நோன்பு வைப்பதென்று முடிவு செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் நோன்பு திறக்கும்போது சொல்வதாக இருந்தான்.

இகத்புரிக்கு அப்பால் ஒரு மலை. காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து வரை பந்தயம். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். அணியில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் பாதையில் இருக்கலாம். திரும்பி வந்ததும் கணுக்காலில் உள்ள, நேரம் கணக்கிடும் சிப் பட்டையைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். அப்ரார், மன்சூர், சைஃப், ராஜகுமார், மறுபடியும் அப்ரார். அந்த வரிசை.

நண்பர்களோடு ஓட்டும் பந்தயம் என்றுதான் பெயர். பாதையில் நண்பர்கள் கிடையாது. பட்டை கைமாறும் பத்து நொடி ஒரு முகம் தெரியும். பிறகு செம்மண், கல், தன் மூச்சு.

பக்கத்து டெண்டில் மன்சூரின் தெருக்காரர்கள் ஓர் அணியாக வந்திருந்தார்கள். அவர்களும் நோன்பு. இவர்கள் டெண்டிலும் யாரும் எதையும் வாயில் வைக்கவில்லை. நான்காவது சுற்றை முடித்து ராஜகுமார் வந்து படுத்தபோது மன்சூர் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"நீ சாப்புடுலே. எங்களப் பாக்காத."

"பசிக்கல."

மன்சூர் வற்புறுத்தவில்லை.

எட்டாவது சுற்றில் ராஜகுமாரின் உதடு வெடித்தது. மற்ற மூவரும் களைப்பில்லாமல் திரும்பி வந்தார்கள். பழக்கம் என்று நினைத்தான். அவர்களால் முடிந்தால் தன்னாலும் முடியும்.

இரண்டரைக்குப் பன்னிரண்டாவது சுற்று. சைஃப் பட்டையை அவன் காலில் ஒட்டிவிட்டு, மூன்றாம் இடத்தில் இருக்கிறோம், பின்னால் வருபவனுக்கு ரெண்டு நிமிடம் தூரம், விட்டுவிடாதே என்றான். அவன் வாயிலிருந்து வாழைப்பழ வாசனை வந்தது. ராஜகுமார் அதை யோசிக்கவில்லை. கிளம்பிவிட்டான்.

ஏற்றத்தின் பாதியில் கண் இருட்டியது. இறங்கித் தள்ளினான். உச்சியில் ஊராட்சிக்காரர்கள் கட்டிய சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. நிழலுக்காக அதன் பின்னால் போனான். குழாயில் ஒரு துணிப்பை தொங்கியது. கீழே பழத்தோல்கள். பைக்குள் மூன்று பாட்டில்கள். மூடிகளில் மார்க்கரால் மூன்று பெயர்கள்.

சுவரில் சாய்ந்து நின்றான்.

ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர் தாண்டினால் பயணி. பயணி அன்றைய நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோன்பாளிகள் பார்க்கச் சாப்பிடுவது முறையில்லை. மன்சூரே எப்போதோ சொன்னதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்று மூவரும் பேசி முடித்திருப்பார்கள். ராஜகுமார் அந்தப் படியில் நிற்கும் ஆள் இல்லை. ஒளிந்து சாப்பிட வேண்டிய ஆளும் இல்லை. அதனால் நான்காவது பாட்டில் இல்லை. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சைஃபின் பாட்டில் பாதி நிறைந்திருந்தது. எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் திருகினான். இப்போது குடித்தால் காலையிலிருந்து இருந்தது வெறும் பட்டினி.

மூடிவிட்டுப் பைக்குள் வைத்தான்.

இறக்கத்தில் இரண்டு முறை விழுந்தான். அவன் வந்து சேர ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்ரார் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

"எங்கலே கெடந்த? தூங்கிட்டு வாறியா?"

பட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

அப்ராரும் மன்சூரும் மிச்ச நேரத்தில் முடிந்தவரை துரத்தினார்கள். ஒன்றரை நிமிடத்தில் மூன்றாம் இடம் போனது. பக்கத்து டெண்ட்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். அவர்கள் ஏழாவது.

திரும்பும்போது நான்கு பேரும் முன் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மன்சூர் ஓட்டினான். ராஜகுமார் ஜன்னலோரம். இகத்புரியில் சைஃப் வடா பாவ் வாங்கினான். தெரிந்தவர்கள் யாரும் இல்லை, வண்டிக்குள்ளேயே தின்றார்கள். ராஜகுமாருக்கும் ஒரு பொட்டலமும் ஒரு பாட்டிலும் வந்தன. மடியில் வைத்துக்கொண்டான். காகிதத்தில் எண்ணெய் ஊறியது.

மலைப்பாதை இறங்கும்வரை அப்ரார் நொடிக்கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தான். யார் எங்கே எவ்வளவு விட்டார்கள் என்று போனில் இருந்தது. மற்ற மூன்று பேரின் கணக்கும் சரியாகவே இருந்தது.

"அடுத்த வருசம் இவன் மச்சான கூப்புடுவோம்" என்றான், சைஃபைக் காட்டி. "ராஜா, நீ டெண்ட பாத்துக்க. டயர் கியர் எல்லாம் உனக்குத்தான தெரியும். புரா மத் மான், தப்பா எடுத்துக்காத."

சைஃப் வெளியே பார்த்தான். விடுலே என்று மன்சூர் சொன்னான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு வாக்கியம் போதும். காலையிலிருந்து நான் நோன்பு. சொன்னால் அப்ரார் மன்னிப்புக் கேட்பான். சைஃப் அழக்கூடச் செய்வான். அதன்பிறகு தன் எதிரே எதைத் தின்றாலும் அவர்களுக்கு அது நினைவு வரும். இன்னும் நல்ல இடத்தில் உட்காரவைப்பார்கள்.

"சரி" என்றான் ராஜகுமார்.

ஷஹாப்பூர் அருகே வெளிச்சம் போயிருந்தது. ரோட்டோரப் பள்ளிவாசல் ஒன்றிலிருந்து நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. ராஜகுமார் பாட்டிலைத் திறந்து குடித்தான். நிறுத்தாமல் பாதியைக் குடித்தான். பிறகு பொட்டலத்தைப் பிரித்தான்.

வண்டியின் வேகம் குறைந்தது. மன்சூர் திரும்பி அவனைப் பார்த்தான்.

"நீ காலைலேருந்து தண்ணி குடிக்கலியா?"

"குடிச்சேன்."

"எங்க?"

"மேல. தொட்டி பின்னாடி."

அப்ரார் போனை அணைத்தான். அங்கே ராஜகுமாருக்குப் பாட்டில் இருக்கவில்லை என்பது நான்கு பேருக்கும் தெரியும். வடா பாவ் ஆறி விறைத்துப்போயிருந்தது. ராஜகுமார் அதை மெதுவாக, முழுவதும் தின்றான்.