அடித்தல் திருத்தல்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு படிவத்தில் பதினான்காவது கேள்விக்குக் கீழே இருந்த பத்து வரிக் கட்டத்தை நிரப்பத்தான் உட்கார்ந்தேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒரு வரி கேட்டதில்லை. போன வாரம் அண்ணி கேட்டார். "நீ எழுதறவதானே, இதக் கொஞ்சம் எழுதிக் குடும்மா."

அண்ணி நர்ஸ். என் அண்ணனுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் தொடங்குகிறதென்று மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணியின் நர்ஸிங் பதிவு இந்த மாநிலத்தில் மட்டும்தான் செல்லும். அதை அங்கே மாற்றினால்தான் அங்கே வேலை, அதற்குத்தான் இந்தப் படிவம். ஒரு மருத்துவமனை மாதக் கடைசி வரை அவருக்காக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

கேள்வி 14: பணியில் நேர்ந்த பிழைக்காக உங்களிடம் எப்போதாவது எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டதா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரிக்கவும்.

2

[பதினோரு வருடங்களுக்கு முன்பு, மழை கொட்டிய ஒரு மாலையில்—]

மழை எங்கிருந்து வந்தது என்று அண்ணி கேட்டார். காகிதத்தைக் கசக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். வார்டில் அப்படிச் செய்யக் கூடாதாம். தப்பாக எழுதிவிட்டால் நடுவில் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, நேரம். கையெழுத்தில்லாத கோடு செல்லாது. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு என்ன தப்பு நடந்தது என்று தெரிய வேண்டாமா?

அதனால் இந்தக் கதையிலும் அடித்ததெல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கும்.*

* வெள்ளை மை தடவுவது அண்ணிக்குத் திருட்டு மாதிரி.

3

[அவர் கை நடுங்கியது.] நடுங்கவில்லையாம். [களைப்பில் கண் மங்கியது.] மங்கவும் இல்லையாம். நடந்தது இவ்வளவுதான். ஏழாம் படுக்கைக்காரரின் தூக்க மாத்திரையை எட்டாம் படுக்கைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டார். பெரியவர் மறுநாள் மதியம்தான் கண் விழித்தார், விழித்ததும் டீ கேட்டார். அதுவரை அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. தலைமை நர்ஸ் எழுதிக் கேட்டார், அண்ணி எழுதிக் கொடுத்தார். தலைமை நர்ஸ் அந்தத் தாள்களைப் பதிவேட்டில் சேர்க்காமல், நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தத் தலைமை நர்ஸ்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறார். வில்லியாக்கப் பார்த்தேன், ஒட்டவில்லை. தெய்வமாக்கப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. நல்ல மனசோடு செய்த காரியம். அதனால்தான் பதிவேட்டில் அண்ணியின் பக்கம் துடைத்துவைத்தாற்போல் இருக்கிறது. 'இல்லை' என்று போட்டால் காக்கா குருவிக்குக்கூடத் தெரியாது. 'ஆம்' என்றால் விண்ணப்பம் விசாரணைக் குழுவுக்குப் போகும். நாலு மாதத்துக்குக் குறையாது, அங்கே பிடித்து வைத்த இடமும் போய்விடும்.

இல்லையென்றே போடுங்கள் என்று மூன்று நாளாகச் சொன்னேன். அண்ணனும் ஃபோனில் அதையே சொன்னான். மகள் மட்டும், எப்போது வருவாய் என்று கேட்டாள்.

4

இன்று மதியம் அண்ணி 'இல்லை'யில் குறி போட்டார். [நான் நிம்மதியாக எழுந்துபோய் டீ போட்டேன்.] எழுந்தது உண்மை, டீ போடவில்லை. அதற்குள் அவர் அந்தக் குறியின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தார். பக்கத்தில் கையெழுத்து, மணி 1.40. பிறகு 'ஆம்' என்பதில் குறியிட்டார்.

"அந்தப் பேப்பர் இல்லாம போகலாம்மா. நான் எழுதிக் குடுத்தது குடுத்ததுதானே."

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்: அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. உதிரியாக வைத்திருந்த படிவத்தை எடுத்தார், ஒன்றுமே நிரப்பாத அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அதப் பாத்து இதுல எழுதி, அஞ்சு மணிக்குள்ள தபால்ல சேத்துரு."

கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாத மனுஷி. என்னை நம்பிவிட்டாரே என்று எனக்குக் கோபமாக வருகிறது.

5

முடிவு ஒன்று: பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். அண்ணி இன்னும் எத்தனை மாதமோ இங்கே, மகள் ஃபோனில்.

முடிவு இரண்டு: [பதினான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டு உறையை ஒட்டினேன்.]

மணி நாலு இருபது. பதின்மூன்று கேள்விகளை நிரப்பியாயிற்று. என் ஷிப்ட் இங்கே முடிகிறது, அடுத்தது உங்களுடையது. ஒப்படைக்கும்போது எதையும் மறைக்கக் கூடாது என்பார் அண்ணி, அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முடிவை அடித்துவிட்டேன். பக்கத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.