வெசோத் மாளிகையின் ஏழாவது சன்னல்

1
இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது. எழுதச் சொன்னவர் என் கீழ்வீட்டு மதாம் ஒதில் பிரெனோ.

பிரான்சின் திஜோன் நகரில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிபதி தன் குடும்பத்துக்கென்று கட்டிய மாளிகை இது. இன்று ஒன்பது குடும்பங்கள் கூறுபோட்டுக் குடியிருக்கிறோம். முற்றத்தைப் பார்த்த சுவரில், இரண்டாம் மாடியில் ஏழு சன்னல்கள். ஏழாவது பொய். சுற்றிலும் கல்சட்டம், நடுவே சுவர், அதன்மேல் கண்ணாடிபோலத் தீட்டிய வண்ணம். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஒதிலின் கணவர் ரெமி நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறார். அவர்களுக்கு இருப்பது அந்த அறையும் ஒரு சமையலறையும்தான்.

"முன்னாடி திறந்திருந்த சன்னல்னு எழுதிக் குடுங்க. அப்பத்தான் தொல்பொருள் ஆபீசுல திறக்க விடுவாங்க" என்றார் ஒதில். "பொழுதன்னைக்கும் நடக்காததத்தானே எழுதுறீங்க? எங்களுக்கு ஒரு பக்கம் எழுதுனா கை தேஞ்சிடுமா?"

2
எழுதினேன். [சன்னல்களுக்கு வரி போட்ட காலத்தில் அன்றைய உரிமையாளர் ஏழாவதை அடைத்தார். அவர் மகள் அழுதுகொண்டே

மகளை எடுத்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் அழுகை செல்லாது.

(அடிக்குறிப்பாகப் படியுங்கள்: எங்கள் தெருவில் மூடிய சன்னல் எதைப் பார்த்தாலும் வரிமேல் பழிபோடுவோம். ஆனால் அந்தக் காலத்துக் கொத்தனார் இடப்பக்கம் மூன்று வைத்தால் வலப்பக்கமும் மூன்று வைப்பார். உள்ளே தேவையில்லை என்றால் வெறும் சட்டத்தை மட்டும் நிறுத்திவிடுவார். இதை மனுவில் நான் எழுதவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.)

3
அதிகாரி தெசீர் நேரில் வந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அதான் சந்தேகமா இருக்கு" என்றார் என்னிடம். "நிஜ சன்னல்னா கதவு மாட்டுன கீல் கல்லுல இருக்கும். ஓரத்துப் பூச்ச மட்டும் சுரண்டிக் காட்டுங்க. பிறவியிலேயே பொய்ச் சன்னல்னா, அந்தப் பொய்யக் காப்பாத்துறதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரேன்."

"வாங்க முசியே, நானும் எங்கயும் போகமாட்டேன்" என்றார் ரெமி, படுக்கையிலிருந்து.

4
வெள்ளி காலை ரெமியின் அறைக்குள் நின்று இடது ஓரத்தைச் சுரண்டினோம். வழவழவென்று கல். கீலும் இல்லை, கீல் இருந்த தடமும் இல்லை.

இடதில் இல்லாதது வலதில் இருக்காது, இந்த வீட்டின் இலக்கணமே அதுதான். ஒரு வரியில் என்னால் கீலை வைக்க முடியும். [பூச்சு உதிர்ந்ததும் துருவேறிய இரும்பு தலைகாட்ட

ஒதில் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"இரும்ப நீங்க எழுத வேணாம். இருந்தா நானே எடுத்துக்கிறேன். என் புருசன் சன்னல் வழியாப் பாக்கணும், உங்க தாள் வழியா இல்ல."

"இடது பக்கமே இல்லையே, மதாம்."

"அதனால வலது பக்கமும் இல்லன்னு யாரு சொன்னா? அந்த நீதிபதியா? அவரு செத்து முந்நூறு வருசமாச்சு. உளியக் குடுங்க."

5
இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கீல் இருந்தது. மற்றதில் கீல் இல்லை, ஒதில் சம்மட்டியை எடுத்தார். இரண்டையும் கிழித்துவிட்டேன். மனுவில் ஒரு தடவை பொய் எழுதியவன் நான், இனி என் சொல் எடுபடாது.

மணி ஒன்பது ஐம்பது. வலது ஓரத்துப் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. இன்னும் ஒரே அடிதான். படியில் தெசீரின் காலடி கேட்கிறது. அடித்து அடித்து ஒதிலுக்குத் தோள் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் பின்வாங்குகிறவர் இல்லை. உளியை, இதைப் படிக்கிற உங்களிடம் நீட்டுகிறார்.

"என்ன தெரியுது?" என்கிறார் ரெமி.

அடியுங்கள். உள்ளே என்ன இருந்தாலும், அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.