அவர் பூசிய சுவர்

ஹட்டன் பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த சரிபுதீனுக்கு, கடைக்கு மேலே ஒரு மாடி வீடு இருக்கிறது என்பதே பல வருஷம் ஞாபகத்தில் இல்லை. சாக்கும் பழைய பெட்டியும் போட்டு வைக்கிற இடம் அது. வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் குடியிருந்துவிட்டு, சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிப் போனார். பலகைத் தரை, குளிர் காய அடுப்பு, ஆளுயர ஜன்னல்கள் எல்லாம் இருந்தன. சுவர்களுக்கு மட்டும் அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பச்சை அடித்திருந்தார். உள்ளே போனால் நல்ல ஆளுக்கும் காய்ச்சல் வந்துவிடும்.

அந்த வீடுதான் வேண்டும் என்று அவர் மனைவி ஆயிஷா ஒற்றைக் காலில் நின்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து கினிகத்தேனையில் கூட்டுக் குடும்பம். பிள்ளையும் இல்லை. ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் நாலு பேரைக் கேட்க வேண்டும். "எனக்கெண்டு ஒரு சுவர் இல்லியே" என்று அவள் புலம்பாத நாளில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் சரிபுதீன் சாக்குகளைக் கீழே இறக்கினார்.

கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத செம்பருத்திப் பூச் சீத்தைத் துணி, மாடிக்கு வந்ததும் திரைச்சீலையாகி மானம் பெற்றது. பலகைத் தரைக்குப் பன்பாய் விரித்தாள். உம்மா கொடுத்த பித்தளை வெற்றிலை வட்டாவைத் துலக்கி, வெள்ளைக்காரன் அடுப்புக்கு மேலே வைத்தாள். சுவர்தான் பாக்கி. மஞ்சள் வேண்டும் என்றாள். வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் வெயில் இருக்கட்டுமே.

பெயின்ட் வேலைக்கு வீரய்யா வந்தான். தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு டவுனில் கூலிக்குச் சுவர் பூசுகிறவன். டிஸ்டெம்பர் தூளைக் கரைத்துக்கொண்டே எச்சரித்தான்.

"இது தண்ணி பட்டா கரைஞ்சு வந்துரும்ங்க மொதலாளிம்மா. அழுக்குன்னு சொல்லி ஈரத் துணிய வச்சுப்புடாதீங்க."

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் சரிபுதீனுக்கு ஆசை வந்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தார். துணி கிழிக்கிற கைக்குப் பிரஷ் பிடிபடவில்லை. முன்னறையின் ஒரு சுவர் முழுக்கப் பூசி முடித்தபோது, அது கோடு கோடாக, திட்டுத் திட்டாக இருந்தது. தாடியிலும் மஞ்சள்.

"இதென்ன, சுவருக்குக் கோடு போட்ட பாலையாட்டுச் சாரம் உடுத்தி வுட்டீங்களா?" என்று ஆயிஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சும்மா சிரிக்காத புள்ள. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வந்து இன்னொரு கோட் அடிச்சித் தாரேன். இந்தச் சுவரு என்ட. வீரய்யா தொடப்படாது."

வெள்ளிக்கிழமை அவர் இல்லை. சுவர் பூசிய மறுநாள், வியாழனன்று, மஸ்கெலியாவுக்குச் சரக்குக் கொண்டுபோனவர், திரும்பி வந்த பஸ் ஹட்டனில் நின்றபோது இருக்கையை விட்டு எழும்பவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டினானாம்.

புருஷன் மௌத்தானவள் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல், அந்நிய ஆணின் கண்ணில் படாமல், குரலும் காட்டாமல், வெள்ளை உடுத்தி ஓர் அறைக்குள். சரிபுதீனின் அக்கா செரீபா கூட இருக்க வந்தாள். முன்னறை ஜன்னல்கள் பஜாரைப் பார்த்திருந்ததால், ஆயிஷாவை உள்ளறையில் இருத்தி இடைக்கதவைச் சாத்தினாள். செரீபா நல்லவள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், கூட உட்கார்ந்து அழுதாள்.

ஆயிஷாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பூசிய சுவர் இருக்கிறது. இத்தா முடிந்ததும் அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். மையித்தைப் பார்த்து அழுததெல்லாம் கணக்கில்லை, அங்கே போய்த்தான் அழ வேண்டும் என்று இருந்தாள். கண்ணை மூடினால் ஒவ்வொரு கோடும் வரிசையாக வந்தது.

கடைசி வாரத்தில் ஒரு பகல், முன்னறையில் ஏணி இழுபடும் சத்தம். வீரய்யாவின் இருமல். பிறகு சரக் சரக்கென்று பிரஷ். அன்றோடு நின்றுபோன மீதி மூன்று சுவருக்கும் மஞ்சள் அடிக்கிறான், அவர் சொல்லிவைத்ததை மறக்கவில்லை என்று ஆயிஷா பூரித்துப்போனாள். சுண்ணாம்பு வாசனை வந்தது. அடிப்பூச்சாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். அந்நிய ஆண் இருக்கும்போது எப்படிக் கேட்பது? அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

இத்தா முடிந்து, குளிப்பாட்டி, செரீபா கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டி வந்தாள்.

நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"அந்த ஒரு சுவரு கோடு கோடா எப்புடி ஈந்திச்சி தெரியுமா? ஆக்கள் வந்தா சிரிப்பாங்க" என்றாள் செரீபா. "என்ட புருஷன் மௌத்தாகி நான் இத்தா முடிச்ச நேரம், உம்மா இப்புடித்தான் வீட்டுக்கு வெள்ளை அடிச்சித் தந்த. மனசுக்கு எவ்வளவு ஆறுதலா ஈந்திச்சி. நல்லா ஈக்குதா புள்ள?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? "நல்லா ஈக்குது மதினி" என்றாள் ஆயிஷா.

மறுநாள் செரீபா கினிகத்தேனைக்குப் போனாள். ஏணியை எடுக்க வந்த வீரய்யா வாசலிலேயே நின்றான்.

"மஞ்ச தானேன்னு கேட்டேங்க. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமான்னும் கேட்டேன். இத்தால இருக்கவங்ககிட்ட பேசப்படாதுன்னுட்டாங்க பெரியம்மா." தலையைச் சொறிந்தான். "மொதலாளி அடிச்ச சுவரு மட்டும் லேசுல மறையலங்க. மஞ்ச மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவ அடிச்சேன்."

அவன் படி இறங்கும்வரைதான் ஆயிஷா பொறுத்திருந்தாள். மஞ்சள் உள்ளேதானே இருக்கிறது! துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சுவரைத் துடைத்தாள். சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் தெரிந்தது, அவருடைய கோடு ஒன்று, கோணலாக. அல்லாஹ்வே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, மீதியையும் பார்க்கும் அவசரத்தில் அதன்மேல் இன்னொரு தடவை துணியை இழுத்தாள்.

கோடு துணியோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் டாக்டருடைய பச்சை இருந்தது.

டிஸ்டெம்பர் கரைக்கும்போது வீரய்யா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையில் மஞ்சள் பிடித்த துணியோடு, இனி எந்தப் பக்கமும் துடைக்கப் பயந்து, ஆயிஷா சுவரோரம் பன்பாயில் உட்கார்ந்துவிட்டாள். கீழே பஜாரில் மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.