கிளம்பச் சொன்னால் கனப்பவர்

கீழத்தெருப் பூட்டுக்காரரிடம் வீட்டை விட்டுக் கிளம்பு என்று யாராவது சொன்னால் அவருக்கு எடை கூடிவிடும். கடைக்குப் போய் வா என்றால் கூடாது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் போலத்தான் நடந்து போவார். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் மட்டும்தான் இப்படி. முதல் முறை நடந்தபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருடம் அது. பெரியப்பா இரண்டு ஆட்களோடு வந்து, வீடு தனக்குச் சேர வேண்டியது, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்றார். பையன் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். இரண்டு ஆட்களும் தூக்கிப் பார்த்தார்கள், பெரியப்பாவும் கை கொடுத்தார், கடைசியில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பெரியப்பா வக்கீலிடம் போனார். எடையின் மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். வீடு தங்கியது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூசி பட்டால் சிலருக்குத் தும்மல் வருகிறது, இவனுக்குக் கனம் வருகிறது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அண்ணன் பூட்டுத் திறந்து படிக்கவைத்த அந்தத் தங்கை வளர்ந்து, நகராட்சியின் பேரிடர்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இடையில் சில மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், போனார்கள். அது வேறு கதை. ஆறு திரும்பும் முனையில்தான் கீழத்தெரு இருந்தது. கரையை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. பெரிய வெள்ளம் வந்தால் முதலில் போகும் தெரு எது என்று கண்டுபிடிக்க ஓர் அலுவலகம் தேவையில்லைதான், ஆனாலும் அலுவலகம் இருந்தது, அதில் அவளுக்கு ஒரு மேசையும் கால் ஆடும் நாற்காலியும் இருந்தன. தண்ணீர் வந்தால் யார் தானே நடப்பார், யாரைத் தூக்க வேண்டும், யாருக்கு அபாயச் சங்கு ஊதினால் காது கேட்காது, எந்த வீட்டில் ஆள் படுத்த படுக்கை என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பதுதான் அவள் வேலை. விசாரித்து விசாரித்தே அவளுக்கு ஆபத்தக்கா என்று பெயராகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

கீழத்தெருக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. உதவி செய்கிறேன் என்று முந்திக்கொண்டு வருவார்கள், உதவி வேண்டும் என்று சொல்ல மட்டும் வாய் வராது. தூக்குகிறவர், தூக்கப்பட வேண்டியவர் என்று அவள் இரண்டு பிரிவு வைத்திருந்தாள். தெரு மொத்தமும் முதல் பிரிவில் பெயர் கொடுத்தது. ஒரு கால் இழுத்துக்கொண்ட தபால்காரர், மூச்சு வாங்காமல் வாசலுக்கு வர முடியாத மாவுமில்காரர், இன்றைக்கோ நாளைக்கோ பிரசவம் என்றிருந்த தையற்காரர் மகள் எல்லோரும் தூக்குகிறவர்கள். ஒத்திகை நாளில் தெரு நெடுக அவர்கள் வரிசையாக நின்றார்கள், தூக்கப்படுவதற்குத்தான் ஓர் ஆள் இல்லை. ஸ்ட்ரெச்சர்கள் வெயிலில் சும்மா கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தபால்காரர் ஒன்றில் போய் உட்கார்ந்து, நல்ல பொருளா என்று சோதித்துப் பார்ப்பதாக அக்கம்பக்கத்தில் அறிவித்தார். தீயணைப்பு நிலைய அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பூட்டுக்காரரைப் பிடித்து இன்னொரு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, விதிமுறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"ஐயா, வெள்ளம் வருது. வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்புங்க."

ஸ்ட்ரெச்சரின் குழாய்கள் வளைந்து தரையைத் தொட்டன. தூக்கப் போன வீரர்கள் நால்வர், பிறகு அதிகாரி, பிறகு வரிசையில் நின்ற தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் கை வைத்தும் அசைக்க முடியவில்லை. பூட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, சிரமம் கொடுப்பதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அலுவலகம் தன்னாலானதைச் செய்தது. மூட்டை நிறுக்கும் தராசு வந்தது, முள் முழுச் சுற்றுச் சுற்றிக் கழன்று விழுந்தது. கிரேன் வந்தது, கிரேனின் பின்சக்கரங்கள் தூக்கிக்கொண்டன. நெளிவு சுளிவு தெரிந்த ஓர் உதவிப் பொறியாளர், "இங்கேயே இருங்க, எங்கேயும் போகாதீங்க" என்று குழைந்து சொல்லிப் பார்த்தார். மனதில் இருப்பது வேறு என்பதால் அதற்கும் கனத்தது. தெருவில் எல்லோருக்கும் வழி எழுதியாகிவிட்டது, யார் யாரோடு போவது, எந்தச் சந்தில் ஏறி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்வது என்று. ஒருவருக்கு வழி காட்டப்படவில்லை என்று மேலிடம் திட்டத்தை ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்பியது. தானே வந்துவிடுவார் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அவளுக்கு எழுதக் கை வரவில்லை. அவள் தலைக்கு மேல் கூரை இருந்ததே அந்தக் கனத்தால்தான், அதே கனம்தான் அண்ணனைத் தண்ணீரில் அமுக்கப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் சண்டை வந்தது.

"யாரு நம்மள வெளிய போகச் சொல்றா இப்போ? பெரியப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆறுண்ணா அது. அதுக்குக் கோர்ட்டு, கேசு எதுவும் தெரியாது."

"நான் வேணும்னா பண்றேன்? கனக்குது. நீ சாப்பிடு முதல்ல" என்பார் அவர். பேச்சு அதோடு நின்றுவிடும், அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் கொஞ்சம் முனகும்.

வெள்ளம் ஒரு காலை நேரத்தில், பால் வாங்கித் திரும்புகிற வேளையில் வந்தது. சங்கு ஊதியது. திட்டம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். தூக்குகிறவர்களாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேரை மற்றப் பாதி தூக்கிப் போனது. தபால்காரர் தன்னைச் சுமந்தவரின் குடையை விடாப்பிடியாகத் தான் சுமந்து வந்தார். தையற்காரர் மகளுக்கு மேட்டுப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்குக் கீழே இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. தெரு காலி என்று தீயணைப்பு அதிகாரி கை காட்டியபோது ஆபத்தக்கா எதிர்த் திசையில் முழங்கால் தண்ணீரில் நடந்து கொண்டிருந்தாள். அதிகாரி கத்தியது அவள் காதில் விழுந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூட்டுக்காரர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் இருக்கையைத் தொட்டிருந்தது. அவள் இந்த முறை கிளம்பு என்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது அவளுக்கு, அழவும் செய்தாள். ஆனால் எழுந்திருக்கும் எண்ணம் இல்லை. பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றே? கிளம்பு."

அவள் நாற்காலியின் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் இறங்கின. அவர் திகைத்துப்போனார். உட்கார்ந்தபடியே கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. தோளைக் கட்டித் தூக்கப் பார்த்தார், விரல் அளவுகூட எழும்பவில்லை. "விளையாடாதே, போடி, வீட்டை விட்டுப் போ!" என்று கத்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் இறங்கினாள், தண்ணீர் மார்பிலிருந்து கழுத்துக்கு வந்தது.

"நான் வேணும்னா பண்றேன்? கனக்குதுண்ணா" என்றாள் அவள்.

இத்தனை வருடம் மற்றவர்கள் அவரிடம் எதைக் கண்டு அலுத்தார்களோ அதை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதிரே கண்டார். மடியில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளை தன் கண்ணெதிரில் தன் வார்த்தையாலேயே முழுகுகிறது. வாயை மூடிக்கொண்டார். கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமல், எழுந்து நின்றார்.

"சரி, நான் போறேன்" என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, வாசலைப் பார்த்துச் சொன்னார். சொன்னபடி நடக்கவும் ஆரம்பித்தார். வாசற்படியைத் தாண்டும்போது அவர் எடை அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எவ்வளவோ அவ்வளவுதான். பின்னால் நாற்காலி மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் வாய் சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும். சந்து முனையில் ஒரு கை அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தது. இருவரும் மேடேறிக் கொண்டிருந்தபோது வீட்டின் பின்சுவர் சரிந்தது, பிறகு கூரை, பிறகு பெரியப்பா கேட்ட மொத்தமும் ஆற்றோடு போனது. பூட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலில் நின்று குழந்தை போல அழுதார். அவள் அவரைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

நடந்ததை அவள் நடந்தபடியே அறிக்கையில் எழுதினாள். மேலிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இனி வீடு வீடாக விசாரிக்கும்போது கிளம்பச் சொன்னால் கனக்கிறதா என்றும் கேட்க வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டது. கீழத்தெருக்காரர்கள் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னார்கள். அநேகமாக எல்லோருக்கும் கனத்தது. மாவுமில்காரருக்கு இரண்டு தலைமுறையாகவே உண்டாம், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் திட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது அந்த ஊரில் ஆறு ஏறினால் யாரும் யாரையும் கிளம்பச் சொல்வதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், யாரை விட்டு மற்றவர்களால் இருக்க முடியாதோ அவர், நான் போறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்குவார். திரும்பிப் பார்ப்பது விதிப்படி கூடாது. பின்னால் காலடிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடப்பார், வரும்.